கலிபோர்னியாவின் ஆரஞ்சும் ஆஸ்திரேலியப் பொறிவண்டும்: 130 ஆண்டுப் பூச்சிப் போர் பற்றிய நிகழ்வு ஆய்வு

1880களின் நடுவில் தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் மரங்களைத் தாங்களே வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டுப்போன மரங்கள் மட்டுமல்ல, காய்த்துக்கொண்டிருந்த மரங்களும் போயின. காரணம், கிளைகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பியிருந்த ஒரு செதில் பூச்சி. 1889 கோடையில் அந்தப் பூச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இடையில் நடந்தது வேளாண் மாணவர்கள் எல்லாருமே வகுப்பில் கேட்டிருக்கும் கதை: ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வண்டு வந்தது, செதிலைத் தின்று தீர்த்தது.

கதையை அங்கேயே முடித்துவிடுவதுதான் எனக்கு உறுத்தல். அந்த வண்டு கலிபோர்னியாவை விட்டுப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு முறை தோட்டக்காரர்களே அதை அழித்தார்கள், இரண்டு முறையும் வேறொரு பூச்சிக்கு மருந்து அடிக்கப்போய். மருந்துக் கடையில் நின்று 'இது எந்தப் பூச்சியைக் கொல்லும்?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி பாதிதான். 'எதை விட்டுவைக்கும்?' என்பது மறுபாதி. கலிபோர்னியாக்காரர்கள் அதை மிகுந்த செலவு செய்து கற்றார்கள் என்பதால்தான் இந்த நிகழ்வை முழுதாகப் பார்க்க விரும்புகிறேன்.

பூச்சி வந்த வழி

பஞ்சு செதில் பூச்சியின் அறிவியல் பெயர் ஐசெரியா பர்ச்சேசி. கலிபோர்னியாவில் இது முதலில் கண்ணில் பட்டது 1868 வாக்கில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள மென்லோ பார்க்கில், அகேசியா மரங்களில். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அகேசியாச் செடிகளோடு வந்திருக்க வேண்டும். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாற்றுகளோடு சேர்ந்து தெற்கே லாஸ் ஏஞ்சலீஸ் வரை இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தெற்கில் ஆரஞ்சு பெரிய தொழிலாகிக்கொண்டிருந்தது. 1873இல் ரிவர்சைடுக்கு விதையில்லாத நேவல் ஆரஞ்சு வந்தது. ரயில் வந்தபின் பழம் கிழக்கு மாநிலங்களுக்கும் போனது. ஒரே பயிர், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள், போட்ட முதல் மொத்தமும் மரத்தில். பூச்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இதன் பெண் பூச்சி பெரும்பாலும் இருபால் உயிரி. ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், அதனால் ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தாலும் கூட்டம் உண்டாகிவிடும். வரிவரியான வெள்ளைப் பஞ்சுப் பையில் 600 முதல் 800 முட்டை வரை இருக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் இலையின் அடியில் நடுநரம்பை ஒட்டி அமர்ந்து சாறு குடிக்கும். வளர வளரச் சிறு கிளைக்கும் தண்டுக்கும் மாறும். அவை கழிக்கும் தேன் போன்ற திரவம் இலையிலும் பழத்திலும் வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். அந்தத் தேனுக்காக எறும்புகள் வரும், வந்தவை செதிலைக் காவலும் காக்கும். இலை உதிரும், கிளை காயும், பழம் விற்காது.

கையில் இருந்த மருந்துகள்

மண்ணெண்ணெயைச் சோப்போடு கலந்து அடித்தார்கள். திமிங்கில எண்ணெய்ச் சோப்பு, பிசின் கரைசல் எல்லாம் முயன்று பார்த்தார்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகளை இவை எட்டவில்லை, எனவே சில வாரங்களில் மரம் மறுபடி வெள்ளையாகிவிடும்.

கொஞ்சமாவது பயன் தந்தது சயனைடு புகை. அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியலாளர் கோகிலெட் 1886இல் லாஸ் ஏஞ்சலீஸில் உல்ஃப்ஸ்கில் குடும்பத் தோட்டத்தில் இதைச் சோதித்தார். மரத்தை முழுக்கக் கூடாரத் துணியால் மூடி, உள்ளே பொட்டாசியம் சயனைடும் கந்தக அமிலமும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வாயுவை எழுப்பும் முறை அது. பகல் வெயிலில் செய்தால் இலை கருகும் என்பதால் பின்னாளில் இந்த வேலையை இரவில் செய்தார்கள். கூடாரம், ரசாயனம், கூலி என்று செலவு கடுமை. வேலையாட்களின் உயிருக்கும் ஆபத்து. அப்படியும் வேலியின் அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குஞ்சுகள் திரும்ப வந்துவிடும்.

தாய்நாட்டில் தேடு

வாஷிங்டனில் வேளாண் துறையின் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் வேலண்டைன் ரைலி. பூச்சியின் பூர்வீகம் ஆஸ்திரேலியா என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அங்கே அது யாருக்கும் பெரிய தொல்லையாக இல்லை, அப்படியானால் ஏதோ ஒன்று அதை அடக்கி வைத்திருக்கிறது என்பது அவருடைய வாதம். அடிலெய்டிலிருந்து ஃப்ரேசர் கிராஃபோர்ட் என்பவர், செதிலுக்குள் வளரும் ஒரு சிறு ஒட்டுண்ணி ஈயைக் கண்டதாக எழுதினார். கிரிப்டோகீட்டம் என்ற அந்த ஈயின் மீதுதான் ரைலியின் நம்பிக்கை எல்லாம் இருந்தது.

ஆனால் பூச்சியியல் பிரிவின் ஆட்கள் அரசுச் செலவில் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே தடை போட்டிருந்தது. நல்லவேளையாக 1888இல் மெல்போர்னில் சர்வதேசக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்கு வெளியுறவுத் துறையிடம் பணம் இருந்தது. அதிலிருந்து சுமார் 2,000 டாலர் ஒதுக்கி, ரைலியின் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலை கண்காட்சிக் குழுவின் ஆளாக அனுப்பினார்கள். 1888 ஆகஸ்ட் 25 அன்று அவர் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார்.

கோபெல் தேடிப்போனது ஈயை. அதையும் ஆயிரக்கணக்கில் அனுப்பினார். அக்டோபர் 15 அன்று வடக்கு அடிலெய்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பெரிய ஐசெரியா ஒன்றை ஒரு சின்னப் பொறிவண்டு தின்றுகொண்டிருப்பதைக் கண்டார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், சிவப்பு உடலில் கறுப்புத் திட்டுகள். இன்று அதன் பெயர் ரொடோலியா கார்டினாலிஸ். அன்று வெடாலியா என்றார்கள், தோட்டக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செதில் பிடித்த கிளைகளோடு வண்டுகளைப் பெட்டிகளில் அடைத்து, கப்பலின் ஐஸ் அறையில் வைத்து அனுப்பினார். குளிரில் வண்டு மந்தமாகிவிடும், தீனியும் அழுகாது. நவம்பர் 30 அன்று 28 வண்டுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. டிசம்பர் இறுதியில் 44, ஜனவரியில் 57. பிப்ரவரி, மார்ச்சில் வந்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 514.

உல்ஃப்ஸ்கில் தோட்டத்துக் கூடாரம்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோகிலெட்டின் வேலை. வந்த 28 வண்டுகளை அவர் வெளியே பறக்கவிடவில்லை. உல்ஃப்ஸ்கில் தோட்டத்தில் செதில் மண்டிய ஒரு மரத்துக்குத் துணிக் கூடாரம் போட்டு, உள்ளே விட்டார். அடுத்து வந்தவையும் அதற்குள்ளேதான் போயின. சயனைடுப் புகைக்கு இடம் கொடுத்த அதே தோட்டத்தில் இப்போது கூடாரத்துக்குள் உயிர் வளர்ந்தது.

குளிர்காலம் முழுக்க அந்த ஒரே மரத்தில் வண்டுகள் பெருகின. ஏப்ரலில் மரத்தில் செதில் தீர்ந்துபோனதும் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பரவின. சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் வந்து கிளையோடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஜூன் 12ஆம் தேதிக்குள் இந்தத் தோட்டத்திலிருந்து மட்டும் 208 பேருக்கு 10,555 வண்டுகள் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது.

கடைசியாக வந்த வண்டுகளைச் சான் கேப்ரியலில் டாபின்ஸ், சாப்மன் ஆகியோரின் தோட்டங்களில் விட்டார்கள். டாபின்ஸுக்கு 3,200 மரங்கள். ஜூலை தொடக்கத்தில் அவர் தந்த அறிக்கைப்படி, மரம் தவறாமல் வண்டு பரவியிருந்தது, செதில் அநேகமாக ஒழிந்திருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டத்திலிருந்து ரயிலேறிய ஆரஞ்சு ஒரே ஆண்டில் 700 ரயில்பெட்டிச் சரக்கிலிருந்து 2,000க்கு உயர்ந்ததாகப் பதிவு சொல்கிறது. தோட்டக்காரர்கள் கோபெலுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரக் கம்மலும் பரிசளித்தார்கள்.

ஏன் இப்படி வேலை செய்தது?

வெடாலியா ஏறக்குறைய ஐசெரியாவை மட்டுமே நம்பி வாழ்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. தாய் வண்டு தன் சிவப்பு முட்டைகளைச் செதிலின் மேலோ முட்டைப் பையின் மேலோ வைக்கும். பொரித்த புழு பைக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னும். மண்ணெண்ணெயும் சோப்பும் எட்டாத இடத்துக்கே புழு போய்விடுகிறது! வெப்பமான நாட்களில் ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். செதில் அரிதானபோதும் வண்டு பறந்து அடுத்த மரத்தைத் தேடிக்கொள்வதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விட வேண்டியதில்லை.

எல்லா இரைவிழுங்கிகளும் இப்படி அல்ல. கோபெலின் இரண்டாவது ஆஸ்திரேலியப் பயணத்தில், 1891-92இல், மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டு கலிபோர்னியாவுக்கு வந்தது. நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அங்குள்ள குளிரில் பல இடங்களில் தங்காது. எனவே முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சி வளர்த்து, அதில் இந்த வண்டை வளர்த்து, ஆண்டுதோறும் தோட்டங்களில் விட வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் வந்த மற்ற பல இனங்கள் நிலைக்கவே இல்லை. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு வெடாலியா வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது.

அரைகுறை அறிவோடு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா சாட்சி. 1893இல் அங்கே ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் வேறு செதில்களை அழிக்க வெடாலியாவை வரவழைத்தார். வழித்தீனியாகப் பெட்டியில் ஐசெரியாவும் வந்தது. வெடாலியா மற்ற செதில்களைச் சீண்டவில்லை. ஐசெரியா ஃபுளோரிடாவில் குடியேறிவிட்டது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1920களின் இறுதியில் நீலகிரியில் வாட்டில் மரங்களில் ஐசெரியா தென்பட்டது. வாட்டிலும் ஆஸ்திரேலிய அகேசியா இனம்தான், தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்தது. இங்கும் வெடாலியாவை வரவழைத்து 1930 வாக்கில் விட்டார்கள், மலையில் அது நிலைத்தது. எதிர்த்திசையிலும் ஒன்று போயிற்று. ஆரஞ்சைத் தாக்கும் இன்னொரு செதிலான கலிபோர்னியச் சிவப்புச் செதிலை இன்று அடக்கிவைக்கும் அஃபைடிஸ் மெலினஸ் என்ற மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவியை, 1950களின் பின்பாதியில் பூச்சியியலாளர் பால் டிபாக் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் எடுத்துப் போனார்.

1946: டிடிடி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி விவசாயிகளின் கைக்கு வந்தது. நடுக் கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் இலைப்பேனுக்கும் சிட்ரிகோலா என்ற வேறொரு செதிலுக்கும் அதை அடித்தார்கள். இலைப்பேன் குறைந்தது. கூடவே, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாமல் இருந்த பஞ்சு செதில் மறுபடி கிளைகளில் வெள்ளை அடித்தது. டிடிடி ஐசெரியாவை ஒன்றும் செய்யவில்லை, வெடாலியாவைத் துடைத்தெடுத்துவிட்டது. மருந்துத் திட்டத்தை மாற்றி, வண்டை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே நிலைமை சீரானது.

அந்தத் தலைமுறைத் தோட்டக்காரர்களில் பலர் 1880களின் அழிவைப் பார்த்தவர்கள் அல்லர். தங்கள் மரங்களில் ஐசெரியா இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வேலை செய்யும் வண்டு கண்ணில் படாது, அதற்கு ரசீதும் கிடையாது. மருந்து அடித்தால் செத்த பூச்சியைப் பார்க்கலாம். தடுக்கப்பட்ட அழிவை எப்படிப் பார்ப்பது?

1990களின் இறுதி: புதிய மருந்து, அதே தவறு

இரண்டாவது முறை நடந்ததைத்தான் நம் விவசாயிகள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏனெனில் அந்த மருந்துகளில் சில நம் ஊர்க் கடையிலும் இருக்கின்றன.

சிவப்புச் செதில் எதிர்ப்புத் திறன் பெறுவதில் பழம் தின்று கொட்டை போட்டது. 1910களிலேயே சில பகுதிகளில் சயனைடுப் புகைக்கு அது சாகாமல் போனது. 1990களில் சான் வாகீன் பள்ளத்தாக்கில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளுக்கும் சாகவில்லை. அப்போது வந்தவை பைரிப்ராக்சிஃபென், புப்ரோஃபெசின் போன்ற பூச்சி வளர்ச்சித் தடுப்பான்கள். மனிதருக்கு ஆபத்து குறைவு, சிவப்புச் செதிலை நன்றாகக் கட்டுப்படுத்தும், அஃபைடிஸ் குளவிக்கும் பெரிய தீங்கில்லை. எல்லாரும் வரவேற்றார்கள், அதில் தப்பும் இல்லை.

ஆனால் இவை வண்டினத்துக்குக் கொடியவை. மருந்து பட்ட செதிலைத் தின்ற தாய் வண்டு உயிரோடுதான் இருக்கும். அதன் முட்டை பொரிக்காது. புழு கூட்டுப்புழுவாகி அங்கேயே சாகும். இலையில் எச்சம் மாதக்கணக்கில் நிற்கும். தரையில் செத்த வண்டு எதுவும் கிடக்காததால் பார்ப்பவருக்கு மருந்து பாதுகாப்பானது என்றே தோன்றும். பள்ளத்தாக்கில் பரந்த பரப்பில் ஒரே நேரத்தில் அடித்ததால் வெடாலியா திரும்பி வர அக்கம்பக்கத்தில் தோட்டமும் இல்லாமல் போயிற்று. பஞ்சு செதில் வெடித்துக் கிளம்பியது, அதை அடக்க எந்த ஆர்கனோபாஸ்பேட்டிலிருந்து விலக நினைத்தார்களோ அதற்கே திரும்ப வேண்டியிருந்தது.

இமிடாகுளோபிரிட் மருந்தையும் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மண்ணில் ஊற்றினால் மரத்துக்குள் மட்டும்தானே போகிறது, வண்டின் மேல் படாதே என்று நாம் நினைப்போம். வண்டு மரத்தைத் தின்னாது, சரி. மரத்தின் சாற்றைக் குடித்த செதிலை அது தின்கிறதே! அந்த வழியில் மருந்து வண்டுக்கும் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பிறகு உருவான நடைமுறை எளியது. வசந்தத்தில், மருந்துக்கு முன்னால், மரத்தைப் பார்ப்பது. இலையடியில் குஞ்சுகள், கிளையில் பஞ்சுப் பைகள், அவற்றின்மேல் சிவப்பு முட்டை அல்லது வண்டுப் புழு இருக்கின்றனவா? செதில் இருந்து வண்டு இல்லையென்றால் வண்டுள்ள தோட்டத்திலிருந்து கொண்டுவந்து விடுவது. வண்டு தன் வேலையை முடிக்கும்வரை பைரிப்ராக்சிஃபென் போன்றவற்றைத் தள்ளிப்போடுவது. சிவப்புச் செதிலுக்குக் கோடையில் அடித்தாலும் பலன் கிடைக்கும் என்பதால் இந்தத் தாமதத்தால் பெரிய நட்டம் கிடையாது. மருந்தே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நாள் குறிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தனி ஆளாகச் செய்யக்கூடிய காரியமும் அல்ல இது. வென்ச்சுரா மாவட்டத்தின் ஃபில்மோரில் தோட்டக்காரர்கள் 1922லேயே கூட்டாக ஒரு பயிர்ப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். பூச்சிக் கண்காணிப்பைப் பொதுவில் வைத்து, நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கும் கூடத்தையும் சேர்ந்தே நடத்தினார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கும் மருந்து என் வண்டைக் கொல்லும் என்றால், அவரையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் வழி. என் பார்வையில் 514 வண்டுகளை விட நாம் காப்பியடிக்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

இப்போதைய நெருக்கடி

2008இல் சான் டியாகோவில் ஆசிய சைலிட் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயின் பாக்டீரியாவை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். 2012இல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே ஹசியெண்டா ஹைட்ஸில் ஒரு வீட்டுத் தோட்ட மரத்தில் நோயும் உறுதியானது. இந்த நோய்க்கு மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஃபுளோரிடாவில் 2005இல் நோய் உறுதியானது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில் 2022-23இல் 1.6 கோடிப் பெட்டி கூட வரவில்லை. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரிய காரணம் கிரீனிங்தான்.

எனவே கலிபோர்னியத் தோட்டக்காரர் இமிடாகுளோபிரிட், பைரித்ராய்டு போன்ற பூச்சிக்கொல்லிகளின் பக்கம் கை நீட்டுவதைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பஞ்சு செதிலால் சில பருவ மகசூல் போகும், கிரீனிங்கால் தோட்டமே போகும். சைலிட் பரவும் இடங்களில் பகுதி முழுவதும் ஒரே காலத்தில் மருந்து அடிக்கிறார்கள். நோய் கண்ட மரத்தை அகற்றுகிறார்கள், வலைக்கூடங்களில் வளர்த்த சான்று பெற்ற கன்றுகளை நடுகிறார்கள்.

மருந்து அடிக்க முடியாத இடம் வீட்டுத் தோட்டங்கள். நகரங்களில் வீட்டுக்கு வீடு எலுமிச்சை, ஆரஞ்சு நிற்கிறது, சைலிட் அதில் பெருகித் தோட்டங்களுக்குப் போகிறது. அதற்காக ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து டாமரிக்சியா ரேடியேட்டா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். 1888 போல நேரே மரத்தில் விட்டுவிடவில்லை. தனிமைக் கூடத்தில் வைத்து, வேறு எதையெல்லாம் தாக்கும் என்று சோதித்து, அனுமதி பெற்று, 2011 டிசம்பரில்தான் விட்டார்கள். காலபாகஸ் தீவுகளில் 2002இல் வெடாலியாவை விடுவதற்கு முன்பும் இப்படி ஆண்டுக்கணக்கில் சோதனை நடந்தது. கோபெலின் காலத்தில் இந்தச் சோதனை இல்லாமலே நல்லது நடந்தது அதிர்ஷ்டம். அதை முறையாக எடுத்துக்கொள்ள முடியாது.

டாமரிக்சியா பரவியிருக்கிறது. ஆனால் சைலிட் குஞ்சுகளும் தேன் கழிப்பவை. அதற்கு அர்ஜென்டைன் எறும்புகள் வந்து, குளவியை அண்டவிடாமல் விரட்டுகின்றன. எனவே இப்போது ஆய்வு எறும்பின் பக்கம் திரும்பியிருக்கிறது: மிகக் குறைந்த மருந்து கலந்த சர்க்கரைப் பாகை நீர் உறிஞ்சும் பசைமணிகளில் ஊறவைத்து மரத்தடியில் போடுகிறார்கள். எறும்பு அதைப் புற்றுக்கு எடுத்துப் போகிறது, மரத்தின் மேல் ஒரு சொட்டு மருந்தும் படுவதில்லை.